தகரத் துண்டிலிருந்து கடவுச்சீட்டு வரை

தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களுக்கு வரும் வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் மூன்று தசாப்தங்களாகக் குறையாமல் வந்துகொண்டிருக்கிறது. கடவுச்சீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது, எவ்வாறு விண்ணப்பிப்பது, என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்பதே அக்கேள்வி. தொண்ணூறுகளில் நான் உதவி ஆசிரியனாகப் பணியாற்றத் தொடங்கிய காலத்தில் இக்கடிதங்கள் நீலநிற விமான அஞ்சல் உறைகளிலும், கொப்பித் தாளிலும், சில வேளைகளில் சிகரெட் பெட்டியின் உள்தாளிலும் கூட எழுதப்பட்டு வந்தன. இன்று அவை மின்னஞ்சலில் வருகின்றன. எழுதுபவர்களின் பதற்றம் மட்டும் மாறவில்லை.

நடைமுறை விடையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கே 35 ஏ என்னும் விண்ணப்பப்படிவம், பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, தேசிய அடையாள அட்டை, பழைய கடவுச்சீட்டு இருப்பின் அது, திருமணத்தால் பெயர் மாறியிருப்பின் திருமணச் சான்றிதழ், திணைக்களம் அங்கீகரித்த புகைப்பட நிலையத்தில் எடுத்த படம் ஆகியவை வேண்டும். 2015 முதல் விரலடையாளமும் பெறப்படுகிறது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதம் அவசியம். 2024 பெப்ரவரியில் கட்டணங்கள் திருத்தப்பட்டபோது சாதாரண சேவைக்கு 10,000 ரூபாவும் ஒரு நாள் சேவைக்கு 20,000 ரூபாவும் என நிர்ணயிக்கப்பட்டது. தலைமையலுவலகம் பத்தரமுல்லையில் உள்ளது. கண்டி, மாத்தறை, வவுனியா, குருநாகல் ஆகிய இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் ஓர் அலுவலகம் திறந்துவைக்கப்பட்டது.

இவ்வளவுதான் விடை. ஆனால் இந்த விடை இவ்வடிவத்தை அடைவதற்கு எவ்வளவு காலம் எடுத்தது, அதற்குள் எத்தனை குடும்பங்கள் எந்தெந்தப் பத்திரத்துக்காக எந்தெந்தக் கதவுகளைத் தட்டின என்பது தனியொரு வரலாறு. இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் ஆகிய இரு சமூகங்களின் நவீன வரலாற்றையும் இந்தச் சிறு புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதிவிட முடியும் என்பது என் நெடுநாளைய எண்ணம். அதன் சுருக்கமே இக்கட்டுரை.

கழுத்தில் தொங்கிய முதற் பத்திரம்

முதலாம் உலகப் போருக்கு முன்னர் உலகின் பெரும்பகுதியில் சாதாரண பயணிக்குக் கடவுச்சீட்டு என்ற ஒன்று தேவைப்படவில்லை. 1914இல் போர் மூண்டபோது ஒற்றர்களுக்கு அஞ்சிய ஐரோப்பிய அரசுகள் தற்காலிகமாக விதித்த கட்டுப்பாடு, போர் முடிந்த பின்னரும் நீங்கவில்லை. 1920இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரு பொது வடிவத்தைப் பரிந்துரைத்தது. நாடிழந்த ரஷ்ய அகதிகளுக்காக 1922இல் நான்சன் பத்திரம் உருவாயிற்று. பின்னாளில் எம்மவர் பல்லாயிரவர் கையிலேந்தப்போகும் அகதிப் பயணப் பத்திரத்துக்கு அதுவே மூதாதை.

இலங்கையிலோ, தமிழரின் முதற் பயணப் பத்திரம் தாளால் ஆனதன்று. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தகரத் துண்டு முறை புகுத்தப்பட்டது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த ஒரு சிறு தகரவில்லை தொழிலாளியிடம் கொடுக்கப்படும். அதைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அவர் வந்து சேருவார். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை அந்த வில்லை சொல்லும். அந்தச் செலவு கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறும். ஆளின் பெயரையோ ஊரையோ அது சொல்லவில்லை. எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதை மட்டுமே சொன்னது.

இன்னொரு ‘துண்டு’ம் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற விரும்பும் தொழிலாளி தமது கடன் விபரம் எழுதிய துண்டைக் காட்டவேண்டும். அக்கடனைப் புதிய தோட்டம் ஏற்றால்தான் அவர் நகரலாம். 1921ஆம் ஆண்டின் சட்டம் இம்முறையை ஒழித்தது. ‘பத்துச்சீட்டு’ என்ற சொல் மட்டும் வேலைநீக்கம் என்ற பொருளில் மலையகப் பேச்சில் நிலைத்துவிட்டது. துண்டு, சீட்டு என்ற இரு சொற்களும் அச்சமூகத்தின் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பற் சேவை ஆரம்பமாகி, இரு கரையிலும் புகையிரதங்கள் இணைந்தன. சென்னையில் ஏறிய ஒருவர் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். வசதி படைத்த பயணிக்கு இது உல்லாசப் பயணம். தொழிலாளிக்கோ மண்டபம் முகாம் வழியில் நின்றது. இந்திய மண்ணில் இருந்தும் இலங்கை அரசாங்கமே நடத்திய அம்முகாமில் நோய்த்தடுப்புக்காக அவர்கள் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். மண்டபம் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பின்னர் அதற்குத் திரும்பி வருவேன்.

யாழ்ப்பாணத்தவருக்கும் இந்தியா அந்நிய நாடாக இருக்கவில்லை. சிதம்பரம் ஆருத்திரா தரிசனத்துக்குப் போவோரும், திருவிதாங்கூருக்குப் புகையிலை கொண்டுபோவோரும், சென்னையில் படிக்கப் போவோரும் கடலைத் தாண்டுவதை எல்லை தாண்டுவதாக எண்ணவில்லை. வல்வெட்டித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் பாயேற்றிய வள்ளங்களுக்குக் காற்றே அனுமதி வழங்கியது.

1948: யார் இந்நாட்டவர்?

சுதந்திரத்தின் முதலாண்டிலேயே இந்நிலை முடிவுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் திகதி செயலுக்கு வந்தது. இன்று நாம் வரிசையில் நிற்கும் திணைக்களம் அன்று பிறந்ததுதான். இவ்விரு சட்டங்களையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். ஒன்று யார் இந்நாட்டவர் என்று கூறியது. மற்றது இந்நாட்டவர் அல்லாதவர் எவ்வாறு வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்று கூறியது.

பிரஜாவுரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு இதுதான்: அச்சட்டத்துக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமெனில், அவரது தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தாம் இங்கே பிறந்தது போதாது. தாய் இங்கே பிறந்ததும் கணக்கில் இல்லை. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத ஒரு நாட்டில், தந்தையின் பிறப்பைக் கடதாசியில் நிரூபிக்கும்படி கேட்டால் நாட்டின் பாதிப்பேர் தடுமாறியிருப்பர். ஆனால் அக்கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. பெயரையும் தொழிலையும் வாழிடத்தையும் பார்த்து, ஐயத்துக்குரியவர் என்று கருதப்பட்டவரிடம் மட்டுமே கேட்கப்பட்டது.

ஜீ. ஜீ. பொன்னம்பலம் இச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அடுத்த மாதமே டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். இதன் விளைவாகத் தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டு, எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. ஒரு கடவுச்சீட்டின் முதற்பக்கத்தில் அச்சிடப்படும் ‘இலங்கைப் பிரஜை’ என்னும் சொற்றொடரே அப்பிளவின் மூலவேர் என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சாளரத்தைத் திறந்ததாகக் கூறப்பட்டது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததை நிரூபித்தால் பதிவுப் பிரஜையாகலாம். விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இதைப் பகிஷ்கரித்தது. இறுதிக் கட்டத்தில் விண்ணப்பங்கள் வெள்ளமாகக் குவிந்தன. சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், அவற்றுள் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் மேல். பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஊருக்குப் போய்த் தாயின் சாவுக்கு நின்றுவிட்டு வந்தவர்களின் ‘தொடர்ச்சியான வதிவு’ அறுபட்டதாகக் கொள்ளப்பட்டது. செக்ரோலில் ஒரு பெயரும் பிறப்புப் பதிவில் வேறு பெயரும் இருந்தவர்கள் இரு வேறு ஆட்களாகக் கருதப்பட்டனர்.

வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. யார் பிரஜை என்று வரையறுப்பது எந்தச் சட்டசபைக்கும் உரிய இயல்பான அதிகாரம் என்று 1953இல் தீர்ப்பு வந்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினரைக் காக்கும் என்று நம்பியிருந்தோருக்கு அத்தீர்ப்பு பேரிடி.

இக்காலத்திலேயே ‘கள்ளத்தோணி’ என்ற சொல் வசைச்சொல்லாக நாட்டில் பரவியது. பாட்டன் காலத்தில் காற்றை மட்டும் கேட்டுக் கடந்த அதே கடலைக் கடந்தவன் குற்றவாளியானான். புறக்கோட்டைக் கடைகளில் தலைமுறையாக இருந்த இந்திய வர்த்தகர்கள் ‘டி.ஆர்.பி.’ எனப்பட்ட தற்காலிக வதிவிட அனுமதியுடன் ஆண்டுகளை எண்ணத் தொடங்கினர்.

அழுகைக் கோச்சி

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மீதி ஒன்றரை இலட்சம் பின்னர் தீர்மானிக்கப்படும். அந்த மீதியையும் 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தனர். மலையகத் தலைவர்கள் எவரும் அம்மேசையில் அமர்த்தப்படவில்லை. ஒப்பந்தமாகி இரண்டு மாதங்கள் முடிவதற்குள், டிசெம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கே சென்றது.

மலையகத்தில் ‘பாஸ்போட்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் ஏற்பட்டது இக்காலத்திலேயே. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயமும் கண்டியிலுள்ள உதவி உயர்ஸ்தானிகராலயமும் வழங்கிய இந்தியக் கடவுச்சீட்டு அது. மற்றைய மக்களுக்குப் பாஸ்போட் என்பது போய்வருவதற்கான பத்திரம். மலையகத்தவருக்கு அது போவதற்கு மட்டுமான பத்திரம். ‘எங்களுக்குப் பாஸ்போட் வந்துவிட்டது’ என்று ஒரு லயத்தில் கூறப்பட்டால், அங்கே அழுகுரல் எழும். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு விண்ணப்பித்திருப்பர். பிரிந்துபோவோரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. அங்கிருந்து இராமானுஜம் கப்பல் அவர்களை மறுகரையில் இறக்கியது. காணாத ஊருக்குத் தாயகம் திரும்பியோர் என்ற பெயருடன் போய்ச் சேர்ந்தவர்கள் நீலகிரியிலும் பிற இடங்களிலும் ‘சிலோன்காரர்’ என்றே அழைக்கப்பட்டனர்.

ஒப்பந்தக் காலம் 1981இல் முடிந்தது. போரினால் 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையிலிருந்தும் போகமுடியாதவர்கள், போக மனமில்லாதவர்கள், எந்தப் பத்திரமும் இல்லாதவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் தோட்டங்களில் எஞ்சியது. 1986இலும் 1988இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் ஓரளவு தீர்வு கண்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வதிந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கி அக்கணக்கை முடித்துவைத்தது. சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திட்ட ஓர் பிரகடனம் போதும் என்றாயிற்று. பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்ட அரசு, ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் ஒற்றைத் தாளை ஏற்றுக்கொண்டது. அப்படியானால் முன்னரே ஏற்றிருக்கலாமே என்ற கேள்விக்கு எந்த அரசாங்கமும் விடை கூறியதில்லை.

வடக்கிலிருந்து கொழும்புக்கு

இனி வடக்கு கிழக்கின் கதை. எழுபதுகளின் முடிவில் திறந்த பொருளாதாரம் வந்து மத்திய கிழக்கு வேலைவாய்ப்புகள் பெருகியபோது கடவுச்சீட்டு சாதாரண மக்களின் கைக்கு வரத் தொடங்கியது. 1983 ஜூலைக்குப் பின்னர் அதன் பொருளே மாறியது. அதுவரை இலங்கைக் கடவுச்சீட்டுடன் விசா இன்றி லண்டனில் இறங்கலாம். தமிழர் வருகை பெருகியதைக் கண்ட பிரித்தானியா 1985இல் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மீது அந்நாடு அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் புகையிரதத்தில் நுழைந்தவர்கள் பலர். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்பரப்பில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர்.

ஏஜென்சிக்காரர்களின் பேச்சில் கடவுச்சீட்டுக்குப் ‘புத்தகம்’ என்று பெயர். ஒருவரின் புத்தகத்தில் இன்னொருவரின் படத்தை ஒட்டுவது ‘தலைமாற்றுதல்’. விமான நிலையத்துக் கழிப்பறைகளில் கிழித்தெறியப்பட்ட புத்தகங்கள் எத்தனையோ. ஒரு நாட்டின் பிரஜை என்று கூறும் பத்திரத்தை, உயிர் தப்புவதற்காகத் தம் கையாலேயே கிழித்தெறிய நேர்ந்த ஒரு தலைமுறையின் மனநிலையை எங்கள் இலக்கியம் இன்னும் முழுமையாக எழுதவில்லை.

முறையான வழியில் போக விரும்பியவருக்கோ கொழும்புக்கு வருவதே முதல் மலை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்தேவி நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் ஒருவர் முதலில் விடுதலைப் புலிகளின் பாஸ் பெறவேண்டும். அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். இளவயதினருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. பின்னர் இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடக்கவேண்டும். சுட்டுக் கொல்லப்பட்டோர் பலர். வன்னியைத் தாண்டி வவுனியாவுக்கு வந்தால் இராணுவத்தின் பாஸ் நடைமுறை ஆரம்பமாகும். ஒரு நாள் பாஸ், ஒரு வாரப் பாஸ் என்று வகைகள். கொழும்பில் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு. கடவுச்சீட்டு என்னும் ஒரு பத்திரத்தைப் பெறுவதற்கு முன், சொந்த நாட்டுக்குள்ளேயே இத்தனை கடவுச்சீட்டுகள் தேவைப்பட்டன.

அக்காலத்தில் நான் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் செய்திக்காக அலைந்திருக்கிறேன். அங்கே தங்கியிருந்தவர்களின் கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதனுள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் பதிவுத் துண்டு. குளிக்கப் போகும்போதும் அதை எடுத்துச் செல்வார்கள். நள்ளிரவுச் சுற்றிவளைப்பில் அந்த உறை அருகில் இல்லாவிடில் விடிவது பொலிஸ் நிலையத்தில். சொந்த அலுவலாக ஒரு கரும்பீடத்தின் முன் நானும் நின்றிருக்கிறேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வாசித்த அலுவலர் நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வையையும், அதன்பின் கேட்கப்பட்ட மேலதிகக் கேள்விகளையும் என் வயதுடைய தமிழர் எவருக்கும் நான் விளக்கவேண்டியதில்லை.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தவருக்குக் ‘கிளியரன்ஸ்’ என்ற புதுச்சொல் பழகியது. இராணுவத்தின் அனுமதியின்றிக் கப்பலிலோ விமானத்திலோ ஏற முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கும் வேலைக்கும் வெளிநாட்டுப் பயணப் பத்திரங்களுக்குமாக வந்து தங்கியிருந்தவர்கள் அவர்கள். மறுநாளே உயர்நீதிமன்றம் அந்நடவடிக்கையைத் தடுத்தது.

பத்திரம் இல்லாதவரின் பெயர்

போர் தின்றவற்றுள் பத்திரங்களும் அடங்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது பெட்டியைத் தூக்கியவர்கள் சிலர், பிள்ளையைத் தூக்கியவர்கள் பலர். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலை கரையோரத்தின் ஆவணங்களைக் கொண்டுபோயிற்று. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களிடம் உடுத்த உடையே எஞ்சியிருந்தது. பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்கு ‘உத்தேச வயதுச் சான்றிதழ்’ என்று ஒன்று வழங்கப்படுவதுண்டு. தாம் பிறந்த நாளை ஓர் உத்தேசமாகச் சுமந்து வாழ்பவர்கள் எமது சமூகத்தில் கணிசமானோர்.

பெயரின் சிக்கல் வேறு. எமக்குக் குடும்பப்பெயர் என்பது கிடையாது. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இடுகிறோம். விண்ணப்பப்படிவமோ குடும்பப்பெயரைக் கேட்கிறது. தந்தையின் பெயரை அங்கே எழுதினால் வெளிநாட்டு விமான நிலையத்தில் மகனைத் தந்தையின் பெயரால் அழைக்கிறார்கள். மகளுக்கும் அதே பெயர். தமிழில் எழுதிய பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் ழகரத்தை ஒவ்வொரு விதமாக எழுதுவர். அண்ணனுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், தம்பிக்கு இன்னொன்று. பின்னாளில் இருவரும் உடன்பிறந்தோர் என்று கனடாவில் நிரூபிக்கச் சத்தியக் கடதாசி தேவைப்படுகிறது.

புலம்பெயர்ந்தோரின் முதற் பத்திரம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தின் கீழான பயணப் பத்திரம். எல்லா நாடுகளுக்கும் செல்லலாம், இலங்கைக்கு மட்டும் செல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் அது வழங்கப்பட்டது. தாயின் ஈமக்கிரியைக்கு வரமுடியாமல் தொலைபேசியில் அழுத பிள்ளைகளைத் தடுத்தது அந்த ஒற்றை வரிதான். பின்னர் அந்தந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் சட்டப்படி இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தனர். 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழிவகுத்தது. 2011இல் அது இடைநிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது.

இனி மண்டபத்துக்கு வருவோம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைத் தடுத்துவைத்த அதே மண்டபத்தில், எண்பதுகள் முதல் இலங்கையிலிருந்து தப்பிவந்த அகதிகளின் முகாம் இயங்கியது. அங்கே 1986இல் பிறந்த ஒரு பெண் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பால் இந்தியப் பிரஜையே என்னும் சட்டத்தைச் சுட்டி, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் தீர்ப்பளித்தது. ஒரே கடற்கரை, ஒரே முகாம், நூறாண்டு இடைவெளி. அத்திகதிக்குப் பின்னர் பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு அத்தீர்ப்பு உதவாது. அவர்களுக்குரிய வழி, சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பையும் பிரஜாவுரிமையையும் பதிந்துகொள்வதே.

உரிமையா, சலுகையா?

2022இல் பொருளாதாரம் சரிந்தபோது கடவுச்சீட்டு வரிசையில் தமிழர் மட்டும் நிற்கவில்லை. அவ்வாண்டு ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. 2023 ஜூன் முதல் 51 பிரதேச செயலகங்களில் விரலடையாளம் பதியும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2024இல் வெற்றுப் புத்தகங்களே தட்டுப்பட்டு, பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாகத் தெருவில் படுத்திருந்தனர். எங்கள் இளைஞர் எண்பதுகளில் ஏன் ஓடினார்கள் என்று கேட்ட தென்னிலங்கை நண்பர்கள் சிலர் இப்போது அக்கேள்வியைக் கேட்பதில்லை.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 14ஆம் உறுப்புரை நாட்டுக்குள் நடமாடும் சுதந்திரத்தையும் இலங்கைக்குத் திரும்பிவரும் சுதந்திரத்தையும் உறுதிசெய்கிறது. வெளியேறும் சுதந்திரத்தை அது வெளிப்படையாகக் கூறவில்லை. புறப்படாதவர் எவ்வாறு திரும்பி வருவது? கடவுச்சீட்டு ஒவ்வொரு பிரஜைக்கும் உரியதா, அரசு விரும்பினால் வழங்கும் சலுகையா என்பது அரசியலமைப்பின் எழுத்தில் இன்னும் தெளிவாகவில்லை. புதிய யாப்பு பற்றிப் பேசுகின்ற எமது அரசியல்வாதிகள் அதிகாரப் பகிர்வுடன் இதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அலுவலகம் திறக்கப்பட்டதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. திணைக்களம் தோன்றி 76 ஆண்டுகளின் பின், பருத்தித்துறையில் வாழும் ஒரு தாய் காலையில் பேருந்தில் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். லொட்ஜ் இல்லை, பாஸ் இல்லை, பிணை இல்லை.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டுமெனில், பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருக்கும்போது ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிதல் வேண்டும். தாமதத்துக்குக் காரணம் காட்டி அனுமதி பெறலாம் எனினும் அது எளிதன்று. 2003ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் தாய்வழியிலும் அவ்வுரிமை உண்டு என்பதைப் பலர் இன்னும் அறியவில்லை. ஊரிலுள்ள தாய் தந்தையரின் பிறப்புச் சான்றிதழ்களை, அவர்கள் உயிரோடிருக்கும்போதே பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் புதுப் பிரதி எடுத்து வையுங்கள். பாட்டன், பாட்டி ஆகியோருடையவை கிடைத்தால் அவற்றையும் எடுங்கள். பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக்குங்கள். பழைய கடவுச்சீட்டுகளையும் அகதிப் பத்திரங்களையும் காலாவதியாகிவிட்டன என்று எறிந்துவிடாதீர்கள். 1948இல் எங்களிடம் கேட்கப்பட்டது பாட்டனின் பத்திரம். அக்கேள்வி மறுபடியும் எந்த நாட்டில், எந்தக் கரும்பீடத்தில் கேட்கப்படும் என்று எவராலும் கூறமுடியாது.